தாய்ப்பாலைக் கருத்தடையாக நம்பும் பெண்கள் எத்தனை பேர்? கேள்வித்தாள் முதல் அட்டவணை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

குடும்ப நலக் கணக்கெடுப்பில் மற்ற கருத்தடை முறைகளை எண்ணுவது பெரிய வேலை இல்லை. மாத்திரை என்றால் அட்டை இருக்கும், காப்பர்-டி என்றால் போட்ட தேதி இருக்கும், அறுவை சிகிச்சை என்றால் தழும்பே இருக்கும். தாய்ப்பாலுக்கு அப்படி ஒரு அடையாளமும் கிடையாது. பிள்ளை பெற்ற பெண்களில் பெரும்பாலோர் பால் கொடுக்கிறார்கள். அவர்களில் சிலர் அதைக் கருத்தடை என்று நம்பியிருக்கிறார்கள். வேறு சிலருக்கு அவர்கள் நம்பாமலே அது கருத்தடையாக வேலை செய்துகொண்டிருக்கிறது. நம்புகிறவர்களும் பாதுகாப்பில் இருப்பவர்களும் ஒரே ஆட்கள்தான் என்று எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான அறிக்கைகள் தடுமாறுகின்றன.

தடுமாற்றம் சின்னது இல்லை. மேடலின் ஷார்ட் ஃபேபிக், யூன்ஜூங் சோய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 45 நாடுகளில் 1998 முதல் 2011 வரை நடந்த 73 டிஎச்எஸ் கணக்கெடுப்புகளின் (பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே கேள்வித்தாளோடு நடந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகள்; நம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பும் இந்த வகைதான்) தரவை அதில் சரிபார்த்திருந்தார்கள். தாய்ப்பால் முறையைப் பயன்படுத்துவதாகச் சொன்ன பெண்களில் அதன் நிபந்தனைகளுக்குள் இருந்தவர்கள் 26 சதவீதம் மட்டுமே. அதாவது முறை என்று பதிவானதில் முக்கால்வாசி, முறையே இல்லை.

மாவட்டத் திட்டப் பணியில் இருப்பவர்கள், பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள், சிறிய அளவில் சொந்தக் கணக்கெடுப்பு நடத்தும் அமைப்புகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் தரவைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்கு ஐந்தாம் படியிலிருந்து வேலை இருக்கிறது. ஆனால் முதல் நான்கைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

படி 1: எதை எண்ணுகிறோம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்

இந்த முறைக்கு உலக அளவில் லாம் (LAM, பாலூட்டுவதால் மாதவிலக்கு வராமல் இருக்கும் காலத்தைக் கருத்தடையாகப் பயன்படுத்துவது) என்று பெயர். 1988 ஆகஸ்டில் இத்தாலியின் பெல்லாஜியோ நகரில் கூடிய நிபுணர்கள் இதன் அடிப்படையை வகுத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. குழந்தை முழுக்கவோ ஏறக்குறைய முழுக்கவோ தாய்ப்பாலிலேயே வளர வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தால் கரு உண்டாகாமல் இருக்க 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு. ஒன்று போனாலும் அந்தப் பாதுகாப்பை நம்பக் கூடாது.

ஏன் மூன்றும் வேண்டும்? குழந்தை அடிக்கடி உறிஞ்சும்போது மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து வரும் ஹார்மோன் துடிப்பு குலைகிறது. அதனால் கருமுட்டை வெளியாவது தள்ளிப்போகிறது. உறிஞ்சுவது குறைந்தால் இந்தத் தடை தளர்ந்துவிடும். பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்று ஆலோசனையில் சொல்வது இதனால்தான். மாதவிலக்கு திரும்பிவிட்டால் கருமுட்டை வரத் தொடங்கியிருக்கலாம் என்று அர்த்தம். ஆறு மாதத்துக்குப் பிறகோ, மாதவிலக்கு வருவதற்கு முன்பே முட்டை வெளியாகிவிடும் வாய்ப்பு கூடுகிறது.

வரையறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஏழு நாடுகளில் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வே சாட்சி. டெல்லியும் அதில் ஒரு மையம். 4,000க்கும் மேற்பட்ட தாய்-சேய் இணைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். முழுத் தாய்ப்பால், மாதவிலக்கு இல்லை என்ற நிலையில் முதல் ஆறு மாதத்தில் கருத்தரித்தவர்கள் 0.9 முதல் 1.2 சதவீதம். ஒரே எண்ணாக இல்லாமல் இரண்டு எண்ணாக ஏன் சொன்னார்கள்? மாதவிலக்கு திரும்பியது என்பதை எப்படி வரையறுக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறியது. நேரில் பார்த்து, நாள் நாளாகக் குறித்துவைத்த ஆய்விலேயே இந்த நிலை. வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்து எடுக்கும் நம் கணக்கெடுப்பில் எவ்வளவு நழுவும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதே ஆய்வில் பன்னிரண்டு மாதம் வரை பார்த்தபோது எண் 6.6 முதல் 7.4 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. ஆறு மாதம் என்ற கோடு எதற்கு என்று யாராவது கேட்டால் இதைக் காட்டலாம்.

உங்கள் கையேட்டில் இரண்டு வரையறைகளைச் சொல் சொல்லாக எழுதுங்கள். ஒன்று மாதவிலக்கு. பிரசவமான முதல் எட்டு வாரத்துக்குள் வரும் உதிரப்போக்கு கணக்கில் வராது. அதற்குப் பிறகு தொடர்ந்து இரண்டு நாள் உதிரம் பட்டால் மாதவிலக்கு திரும்பியதாகக் கொள்ள வேண்டும். மற்றொன்று ‘ஏறக்குறைய முழுக்க’. மிரியம் லபோக்கும் கேத்ரின் கிராசோவெக்கும் 1990இல் தந்த வகைப்பாட்டில் முழுத் தாய்ப்பால், பகுதித் தாய்ப்பால், பேருக்குக் கொடுக்கும் தாய்ப்பால் என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். எப்போதாவது கொஞ்சம் தண்ணீர், விட்டமின் சொட்டு கொடுப்பவர்கள் முழுத் தாய்ப்பாலுக்குள்ளேயே வருவார்கள். தினமும் ஒரு வேளை பவுடர் பால் கொடுப்பவர் எங்கே வருவார் என்பதை நீங்கள் களத்துக்குப் போகும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

படி 2: உங்களுக்கு வேண்டியது எந்த எண்?

மூன்று எண்கள் சாத்தியம். “இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறேன்” என்று சொன்னவர்கள், சொன்னதோடு மூன்று நிபந்தனைகளுக்குள்ளும் இருப்பவர்கள், சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மூன்று நிபந்தனைகளுக்குள் இருப்பவர்கள். முதலாவது சொல், இரண்டாவது சரியான பயன்பாடு, மூன்றாவது உடலின் நிலை. மூன்றாவது எண்ணைப் ‘பயனாளிகள்’ என்று அழைப்பது தவறு. மூன்று மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் பெண் பாதுகாப்பில் இருக்கிறார், சரி. ஆனால் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டத் தொடங்கும் நாளில் அந்தப் பாதுகாப்பு முடிகிறது என்பது அவருக்குத் தெரியாது. முறை என்றால் அதைத் தெரிந்து செய்ய வேண்டும். எப்போது முடியும், அடுத்து என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். லாம் ஆலோசனையில் வேறு முறைக்கு மாறுவதற்கான திட்டத்தையும் சேர்த்தே பேசுவது இதனால்தான்.

பெரும்பாலான அறிக்கைகள் முதல் எண்ணை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. என் கருத்தில், மற்ற இரண்டும் பக்கத்தில் இல்லாமல் அந்த முதல் எண்ணை வெளியிடவே கூடாது.

படி 3: எதால் வகுப்பது

15 முதல் 49 வயதுள்ள திருமணமான பெண்கள் அனைவராலும் வகுத்தால் தாய்ப்பால் முறையின் பங்கு புள்ளிக்குப் பின்னால் போய்விடும். அதில் தகவல் எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை உள்ள தாய்மார்களால் வகுங்கள். அந்தக் குழந்தை உயிரோடு, தாயுடன் வசிக்க வேண்டும். ஒப்பீட்டுக்காக இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய்மார்களையும் இன்னொரு பகுதியாக, அதாவது வகுக்கும் எண்ணாக, வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் தாண்டியும் ‘இன்னும் பால்தான் காப்பாற்றுகிறது’ என்று நம்புகிறவர்கள் அங்கேதான் அகப்படுவார்கள்.

படி 4: கேட்பது

வேலையின் கனமான பகுதி இதுதான்.

டிஎச்எஸ் குடும்பக் கணக்கெடுப்புகளில் கேள்வி ஏறக்குறைய இப்படி இருக்கும்: கருத்தரிப்பதைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ நீங்களோ உங்கள் கணவரோ இப்போது ஏதாவது செய்கிறீர்களா, ஏதாவது முறையைப் பயன்படுத்துகிறீர்களா? ஆம் என்றால், என்ன முறை? அதற்குக் கீழே உள்ள பட்டியலில் லாம் ஒரு குறியீடு. பதில் சொல்பவர் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். களப்பணியாளர்தான் அவர் சொன்னதைக் கேட்டு வட்டம் போட வேண்டும். வட்டம் போடும் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

“அடுத்த குழந்தை இப்போ வேணாம்னு ஏதாச்சும் பண்றீங்களாக்கா?”

“ஒண்ணும் பண்ணலம்மா. பால் குடிக்கிறவரைக்கும் தங்காதுன்னு அத்தை சொல்லிருக்காங்க.”

‘ஒண்ணும் பண்ணல’ என்பதில் நிறுத்தினால் அவர் எந்த முறையும் பயன்படுத்தாதவர். ‘பால் குடிக்கிறவரைக்கும்’ என்பதைப் பிடித்துக்கொண்டால் லாம் பயனாளி. இரண்டு களப்பணியாளர்கள் இரண்டு விதமாக எழுதுவார்கள். இருவரும் கேட்காமல் விட்டது: பையனுக்கு ஒன்பது மாதம், காலையில் இட்லி சாப்பிட்டான், அவனுடைய அம்மாவுக்கு மாதவிலக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது.

இதற்கு என் யோசனை எளியது. பால் என்ற பதில் வந்தால் உடனே வட்டம் போடாமல், பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். பிறகு மூன்று தொடர் கேள்விகள். முதலில் குழந்தையின் பிறந்த தேதி. ‘ஆறு மாசம் ஆகுதா?’ என்று கேட்காதீர்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துவரச் சொல்லி அதிலிருந்து தேதியை எழுதுங்கள். அடுத்து மாதவிலக்கு. அப்புறம்தான் உணவு. கடைசியாக, அவருக்கு இதை யார் சொன்னார்கள், எதுவரை இது காப்பாற்றும் என்று நினைக்கிறார் என்று திறந்த கேள்வி ஒன்று. ‘பால் நிறுத்தறவரைக்கும்’ என்று வரும் பதிலுக்கும் ‘ஆறு மாசம் வரைக்கும், இல்லேன்னா தூரம் வர்றவரைக்கும்’ என்று வரும் பதிலுக்கும் உள்ள தூரம்தான் நம்பிக்கைக்கும் முறைக்கும் உள்ள தூரம்.

மாதவிலக்கைக் கேட்கும்போது ஊருக்கு ஏற்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். தூரம், வீட்டு விலக்கு, தலைக்கு ஊத்துறது, பீரியட்ஸ் என்று வட்டாரத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும். ‘குழந்தை பிறந்த பிறகு தீட்டுப் பட்டதா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பிரசவத் தீட்டை நினைத்து ஆம் என்பார்கள். ‘பிரசவத் தீட்டு நின்ன பிறகு, மறுபடி மாசா மாசம் வர்றது ஆரம்பிச்சிடுச்சா?’ என்று கேட்டால் குழப்பம் குறையும். வந்ததா இல்லையா என்பதற்கான பதிலை நம்பலாம். எத்தனையாவது மாதத்தில் வந்தது என்பதற்கான பதில்கள் மூன்று, ஆறு, பன்னிரண்டு என்ற முழு எண்களில் குவியும். எனவே கால அளவை நினைவிலிருந்து எடுக்காமல், இப்போதைய நிலையை மட்டும் வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பு.

உணவுக் கேள்வியில் இன்னும் கவனம் வேண்டும். ‘தாய்ப்பால் மட்டும்தானே கொடுக்கறீங்க?’ என்று கேட்டால் ஆம் என்ற பதில் தயாராக இருக்கும். சுவரொட்டியில், தடுப்பூசி நாளில், செவிலியர் வாயில் எல்லாம் கேட்டுப் பழகிய விடை அது. பொருள் பொருளாகக் கேளுங்கள்: நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து இன்று காலை வரை குழந்தை தண்ணீர் குடித்ததா, சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், பசும்பால், பவுடர் பால், கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பிஸ்கட், வாழைப்பழம்? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. உரைமருந்து தனியாக ஒரு வரி. மருந்துச் சொட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் ‘தாய்ப்பால் மட்டும்’ என்ற வரையறையைக் குலைக்காது. உரைமருந்தை மருந்தாகக் கொள்வதா, தண்ணீரில் குழைத்துக் கொடுத்தால் தண்ணீராகக் கொள்வதா என்பதை நீங்கள் முடிவுசெய்து கையேட்டில் எழுதுங்கள். எந்த முடிவாக இருந்தாலும் எல்லாக் களப்பணியாளரும் ஒன்றையே பின்பற்றினால் போதும்.

வீட்டில் பாட்டி இருந்தால் அவரிடமும் கேளுங்கள். அம்மா குளிக்கப் போன நேரத்தில் நடந்தது பாட்டிக்குத்தான் தெரியும்.

இப்படி ஒரு நாள் நினைவை வைத்துக் கேட்பதில் ஒரு குறை உண்டு. நேற்று மட்டும் வேறெதுவும் கொடுக்காதவர், முந்தாநாள் கொடுத்திருக்கலாம். ஆகவே ‘தாய்ப்பால் மட்டும்’ என்ற எண் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு-5 (2019–21) ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் இந்திய அளவில் 63.7 சதவீதம், தமிழ்நாட்டில் 55.1 சதவீதம் தாய்ப்பால் மட்டும் பெறுவதாகச் சொல்வது இதே ஒரு நாள் அளவுகோலில்தான். இந்த எண்ணை எடுத்து, ‘இத்தனை சதவீதத் தாய்மார்கள் கருத்தடைப் பாதுகாப்பில் இருக்கிறார்கள்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. மாதவிலக்கு நிலையைப் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது.

படி 5: ஏற்கெனவே உள்ள தரவிலிருந்து கட்டுவது

சொந்தமாகக் கணக்கெடுப்பு நடத்தாதவர்களுக்கு டிஎச்எஸ் வகைத் தரவுக் கோப்பே போதும். பெண்கள் கோப்பில் தற்போதைய முறை வி312 என்ற மாறியில் இருக்கும், அதில் 13 என்ற மதிப்பு லாம். வி404 இப்போது பாலூட்டுகிறாரா என்பது. வி405 மாதவிலக்கு இன்னும் திரும்பாத நிலை. தண்ணீர், பிற பால், திட உணவு பற்றிய கேள்விகள் வி409 முதல் வி414 வரிசையில் கிடக்கும். நாட்டுக்கு நாடு, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் மாறும் என்பதால் உங்கள் கோப்போடு வரும் விளக்கக் கையேட்டில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தையின் வயதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய சுற்றுகளில் தேதிகள் நூற்றாண்டு மாதக் குறியீடாக இருக்கும்: ஆண்டிலிருந்து 1900ஐக் கழித்து, 12ஆல் பெருக்கி, மாதத்தைக் கூட்ட வேண்டும். 2021 மார்ச் என்றால் 1455. மார்ச் 28இல் பிறந்த குழந்தையின் தாயை செப்டம்பர் 10இல் சந்தித்திருந்தால் கழித்தலில் 6 வரும். ஆனால் குழந்தைக்கு முடிந்திருப்பது ஐந்து மாதம்தான். இப்படிப்பட்டவர்கள் எல்லோரும் வயது வரம்பைத் தாண்டியவர்களாகக் கணக்கில் விழுந்துவிடுவார்கள். புதிய சுற்றுகளில் பிறந்த நாளும் பதிவாவதால் முடிந்த மாதங்களைச் சொல்லும் பி19 மாறி இருக்கும். இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். 0 முதல் 5 வரை எடுத்தால் ஆறு மாதத்துக்குட்பட்டவர்கள்.

உணவு நிபந்தனையை இரண்டு விதமாகக் கட்டுங்கள். இறுக்கமானது: தாய்ப்பால் தவிர எதுவும் இல்லை. தளர்வானது: தண்ணீரும் பால் அல்லாத நீர்ப்பொருளும் அனுமதி, வேறு பாலும் திட உணவும் கூடாது. ‘ஏறக்குறைய முழுக்க’ என்பது இவற்றுக்கு இடையில் எங்கோ இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை முறை வேறு உணவு கொடுத்தார் என்று இந்தத் தரவில் முழுமையாகத் தெரியாது என்பதால் ஒற்றை எண்ணை நம்பாமல் இரு எல்லைகளையும் காட்டுவதே நேர்மை.

இன்னொரு விஷயம். ஒரு பெண் இரண்டு முறைகளைச் சொன்னால், பட்டியலில் மேலே உள்ள முறை மட்டுமே தற்போதைய முறையாக எடுத்துக்கொள்ளப்படும். ஆணுறையும் தாய்ப்பாலும் என்று சொன்னவர் ஆணுறைக் கணக்கில் போய்விடுவார். இரண்டாவது பிரசவத்தோடு கருத்தடை அறுவை செய்துகொண்டு வீடு திரும்பும் பெண்கள் தமிழ்நாட்டில் நிறைய. அவர்களும் பால் கொடுக்கிறார்கள், மூன்று நிபந்தனைக்குள்ளும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களைத் தாய்ப்பால் முறைக்குள் இழுக்க எந்த நியாயமும் இல்லை. அதனால் ‘நிபந்தனைக்குள் இருப்பவர்கள்’ என்ற கூட்டத்தை, வேறு முறை உள்ளவர்கள், எந்த முறையும் சொல்லாதவர்கள் என்று கட்டாயம் பிரித்துக் காட்டுங்கள்.

படி 6: குறுக்கு அட்டவணை

ஒரு கற்பனைக் கணக்கை வைத்துப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய்மார்கள் 1,000 பேர். அதில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை உள்ளவர்கள் 250.

லாம் என்று பதிவானவர்கள் 80. வயதை வைத்து வடிகட்டினால் 36 பேர் வெளியே, மீதி 44. மாதவிலக்கு திரும்பியவர்கள் 9, மீதி 35. வேறு உணவு கொடுப்பவர்கள் 11, மீதி 24. சொன்னவர்களில் சரியாகப் பயன்படுத்துபவர்கள் 30 சதவீதம்.

அடுத்து மறுபக்கம். 250 தாய்மார்களில் மூன்று நிபந்தனைக்குள் இருப்பவர்கள் 110. அதில் அந்த 24 பேர் லாம் என்று சொன்னவர்கள், 14 பேர் வேறு முறை வைத்திருப்பவர்கள், 72 பேர் எந்த முறையும் சொல்லாதவர்கள்.

எனவே சொன்னவர்கள் 1,000இல் 80, அதாவது 8 சதவீதம். சரியான பயன்பாடு 250இல் 24, அதாவது 9.6 சதவீதம். உடலளவில் பாதுகாப்பு 250இல் 110, அதாவது 44 சதவீதம். தொகுதியும் மாறுகிறது, பகுதியும் மாறுகிறது. பகுதியை எழுதாமல் சதவீதத்தை மட்டும் மேற்கோள் காட்டினால் 8இலிருந்து 9.6 ‘உயர்ந்தது’ என்றுகூட ஒருவர் எழுதிவிடுவார்.

வடிகட்டும் வரிசையையும் குறிப்பிடுங்கள். பத்து மாதக் குழந்தை உள்ள பெண்ணுக்கு மாதவிலக்கும் வந்திருக்கும், குழந்தை சோறும் தின்னும். மேலே உள்ள வரிசையில் அவர் வயதில் விழுகிறார். உணவை முதலில் வைத்தால் உணவில் விழுவார். ‘எந்த நிபந்தனை அதிகம் தவறுகிறது?’ என்ற கேள்விக்கு இந்த வரிசை எண்களை வைத்து விடை சொல்லக் கூடாது. அதற்கு மூன்றையும் தனித்தனியாக எண்ணி இன்னொரு அட்டவணை வேண்டும்.

படி 7: எடை, பிழை

மாதிரி எடையைப் போடுங்கள் (வி005ஐப் பத்து லட்சத்தால் வகுத்தால் எடை கிடைக்கும்), கொத்தையும் (மாதிரிக்காகத் தேர்ந்த ஊர் அல்லது வட்டாரம்) அடுக்கையும் (தேர்வுக்கு முன் பிரித்த நகரம், கிராமம் போன்ற பிரிவு) மென்பொருளுக்குச் சொல்லுங்கள். ஸ்டாட்டா, ஆர் இரண்டிலும் இது சில வரி வேலை. அதைவிட முக்கியம், உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. லாம் என்று சொன்னவர்கள் 60 பேர், அதில் 25 சதவீதம் சரி என்று வந்தால், கொத்து மாதிரியின் விளைவை (கொத்தாக எடுப்பதால் பிழை எவ்வளவு கூடுகிறது என்ற அளவு) 1.5 என்று வைத்துக்கொண்டால்கூட, 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வரம்பு, 12இலிருந்து 38 வரை விரியும். அதை மாவட்டவாரியாகப் பிரித்து, எந்த மாவட்டம் முதலிடம் என்று தரவரிசை போடுவது வேண்டாத வேலை.

ஒரே ஒரு முறை சந்தித்து எடுக்கும் குறுக்குவெட்டுக் கணக்கெடுப்பில் தோல்விகள் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். தாய்ப்பாலை நம்பிக் கருத்தரித்துவிட்ட பெண்ணிடம் தற்போதைய முறை பற்றிய கேள்வியே கேட்கப்படாது. அவர் ‘தற்போதைய பயனாளிகள்’ பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துவிடுவார். அவரைப் பிடிக்க வேண்டுமானால் மாதவாரியாகக் கருத்தடை வரலாற்றைப் பதியும் நாட்காட்டிப் பகுதிக்குப் போக வேண்டும். முறையைப் பயன்படுத்தும்போதே கருத்தரித்தது என்ற காரணம் அங்கே இருக்கும்.

படி 8: அறிக்கையில் எங்கே வைப்பது

டிஎச்எஸ் அட்டவணைகளும் ஐநா மக்கள்தொகைப் பிரிவும் லாமை நவீன முறைகளோடு சேர்க்கின்றன. டேவிட் ஹூபாச்சரும் ஜேம்ஸ் ட்ரஸலும் 2015இல் நவீன முறை என்றால் ஒரு பொருளோ மருத்துவச் செயல்முறையோ இருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். அந்தக் கோட்டில் லாம் வெளியே போய்விடும். எனக்கு இந்த விவாதத்தில் பெரிய ஆர்வம் இல்லை. நிபந்தனைகளைச் சரிபார்த்து எண்ணினால் அதை நவீனம் என்பதில் தயக்கம் தேவையில்லை. சரிபார்க்காமல் எண்ணினால், ‘பால் குடிக்கிறவரைக்கும் தங்காது’ என்ற நம்பிக்கையையும் சேர்த்து நவீன முறை என்று நாமே முத்திரை குத்துகிறோம்.

அதன் விளைவு ஒரு வரியோடு நிற்காது. நவீன முறைப் பயன்பாட்டு விகிதம் கூடுகிறது. ஐநாவின் நீடித்த வளர்ச்சி இலக்கு 3.7.1 அளவீட்டில் ‘தேவை நிறைவேறியவர்கள்’ (கருத்தடை வேண்டியவர்களில் நவீன முறை பயன்படுத்துபவர்கள்) பங்கும் கூடுகிறது. ஒன்பது மாதக் குழந்தையோடு, மாதவிலக்கும் திரும்பி, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருக்கும் பெண், தேவை நிறைவேறியவராக எழுதப்படுகிறார். அவரைத் தேடி யாரும் போக மாட்டார்கள். அறிக்கையில் லாம் சேர்த்து ஒரு விகிதம், சரிபார்த்த லாம் மட்டும் சேர்த்து ஒரு விகிதம் என இரண்டையும் கொடுங்கள். பிரசவமாகி இரண்டு ஆண்டுக்குட்பட்ட பெண்களுக்கு இந்த வித்தியாசத்தைத் தனியாகக் காட்டுங்கள்.

படி 9: திட்டப் பதிவேட்டில் அளப்பது

கணக்கெடுப்பு ஒரு நாளின் படம். ஆலோசனை கொடுத்துப் பின்தொடரும் திட்டத்தில் அதைவிடப் பயனுள்ள ஒன்றை அளக்கலாம்: சரியான நேரத்தில் வேறு முறைக்கு மாறியவர்கள் எத்தனை பேர். பதிவேட்டில் பெண்ணின் பெயருக்கு எதிரே மூன்று தேதிக் கட்டங்கள் போடுங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் தேதியைப் பதிவு செய்யும் அன்றே எழுதிவிடலாம். மாதவிலக்கு திரும்பிய தேதி, வேறு உணவு தொடங்கிய தேதி இரண்டையும் ஒவ்வொரு தடுப்பூசி வருகையிலும் கேட்டு நிரப்ப வேண்டும். ஆறு, பத்து, பதினான்கு வாரத் தடுப்பூசிகளுக்குத் தாய் எப்படியும் வருவார். பதினான்கு வாரத்துக்குப் பிறகு அடுத்த தடுப்பூசி ஒன்பதாம் மாதம்தான். நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் முறை முடிவுக்கு வருகிறது. வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியது அப்போதுதான்.

மூன்றில் எது முந்துகிறதோ அந்தத் தேதியில் லாம் முடிகிறது. அந்தத் தேதியைத் தாண்டியவர்கள் பகுதி. அந்தத் தேதிக்கு முன்போ, அந்த மாதத்துக்குள்ளோ சாயா மாத்திரை, அந்தரா ஊசி, காப்பர்-டி, ஆணுறை என ஏதாவது ஒன்றைத் தொடங்கியவர்கள் தொகுதி. தேதி தாண்டியும் பதிவேட்டில் லாம் என்றே தொடரும் பெயர்களைத் தனியாக எண்ணுங்கள். அது திட்டத்தின் பிழை எண்ணிக்கை, பெண்ணின் பிழை இல்லை.

இணையர்-ஆண்டுப் பாதுகாப்பு (ஓர் இணையருக்கு ஓர் ஆண்டு கருத்தடைப் பாதுகாப்பு என்ற அலகு) என்ற அளவீட்டைத் திட்ட அறிக்கையில் கேட்பார்கள். அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்டு வகுத்த மாற்று விகிதத்தில் லாம் பயனாளிகள் நான்கு பேர் சேர்ந்தால் ஓர் இணையர்-ஆண்டு. நம் கற்பனைக் கணக்கில் சொன்னவர்கள் 80 பேரையும் போட்டால் 20 வரும். சரிபார்த்த 24 பேரைப் போட்டால் 6. அறிக்கையில் 6 என்று எழுதி, 80 எப்படி 24 ஆனது என்பதை அடிக்குறிப்பில் போடுங்கள்.